குடிக்காதவரின் ஈரல்

என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் முழுக்க ராயபுரத்தில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான். பீர்கூடக் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் ஷிப்டு முடிந்து கடைக்குள் நுழையும்போது இவர் மட்டும் வெளியே நின்று அவர்களுடைய சைக்கிள்களுக்குக் காவல் இருப்பார். உள்ளேயிருந்து யாராவது இவருக்கென்று ஒரு பொட்டலம் வறுத்த கடலை கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஈரலில் கட்டி வந்தது.

நான் கொருக்குப்பேட்டையில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் வகுப்பு ஜன்னலை ஒட்டிக் கூட்ஸ் வண்டி போகும். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் வண்டியைவிடச் சத்தமாகக் கத்தவேண்டும். அந்தத் தொண்டையை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைய எனக்குத் தெரியாது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, காசிமேட்டில் பழைய மீனைப் புதுசு என்று வாங்கிவந்ததற்கு, மகள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதற்கு என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டாமல் எனக்குப் பொழுது போனதில்லை. அவர் எதிர்த்துப் பேசமாட்டார். சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் அடுத்த அறை என்பது சமையல் செய்யும் இடம்தான். அங்கேயும் நான்தான் இருப்பேன்.

அவருடைய துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் ஒருமுறை ரத்ததான முகாம் வைத்தார்கள். இவரும் ஆசையாகப் போய்க் கையை நீட்டினார். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் காமாலையில் பி வகை என்று ஒன்று உண்டாம். அந்தக் கிருமி இவர் உடம்பில் பல வருஷமாகச் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம், சின்ன வயதில் போட்ட ஏதாவது ஊசியில் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். என்னையும் மகளையும் சோதித்துவிட்டுத் தடுப்பூசி போட்டார்கள். இவர் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

“நல்லாத்தானே கீறேன், எதுக்கு?” என்பார் ஒவ்வொரு தடவையும். நான் போடுகிற சத்தத்துக்குப் பயந்து போவார். இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு போனபோது, ஸ்கேன் டாக்டர் கையில் இருந்த கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பழைய ஸ்கேன் தாள்களை எடுத்து நீட்டினேன்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சர்ஜன் எங்களைவிட வயதில் சின்னவர். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, இடது ஓரத்தில் ஒரு வட்டத்தைக் காட்டினார். நாவல்பழம் அளவு இருந்தது.

“புற்றுநோய்தான்,” என்றார். “ஆனா சின்னது, ஒரே ஒண்ணு, ஓரத்துல இருக்கு. மீதி ஈரல் நல்லா இருக்கு, இறுகிப் போகல. இவ்வளவு சின்னதா இருக்கும்போது என்கிட்ட வர்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தான். அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துடலாம்.”

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “வெட்டிட்டாக்கா, அப்பால ஈரல் இல்லாம நான் இன்னா சார் பண்றது?”

“கொஞ்சம்தான் எடுக்கப்போறோம். மீதி இருக்கிறது வளர்ந்துக்கும். ஈரலுக்கு மட்டும் அந்தக் குணம் உண்டு.”

“பல்லி வாலு மாறியா?”

“அதைவிட ஒழுங்கா வளரும்,” என்று சர்ஜன் சிரித்துவிட்டார். புற்றுநோய் என்று சொன்ன அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது எனக்கு ஏதோ தப்பு நடந்ததுபோல் இருந்தது. ஆனாலும் நானும் சிரித்தேன்.

அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவிட்டு, சர்ஜன் என்னை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். பெரிய ஆபரேஷன், ரத்தம் நிறையப் போகலாம், ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். நல்லபடி முடிந்தாலும் ஈரலில் வேறு இடத்தில் திரும்ப வரலாம், அதனால் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். மறைக்கிறதற்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்ததும் அவ்வளவையும் அவரிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அவர் எக்ஸ்ரே அறையிலிருந்து சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். நான் அதைக் கழற்றி நேராகப் போட்டுவிட்டேன். கீழே இறங்கியதும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் இல்லாத வீட்டை ஒரே ஒரு முறை நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் தெருவில் செய்தி பரவுகிற வேகம் தண்ணீர் லாரி வருகிற செய்திக்கு மட்டும்தான் தோற்கும். மறுவாரம் லாரி வந்தபோது குடங்களோடு வரிசையில் நின்றோம். எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்ற எதிர்வீட்டுக்காரி, நான் நிற்பது தெரியாமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். “டீச்சரம்மா வூட்டுக்காரரு சைலண்டா ஊத்திகினு இருந்துருக்காருபா. ஈரல்ல வந்துகீதுன்னா பின்ன இன்னா?”

குடத்தைக் கீழே வைத்தேன். “யாரு ஊத்திக் குடுத்தது? நீ ஊத்துனியா? நீ கிளாஸ் புடிச்சுகினு நின்னியா?” என்று ஆரம்பித்தேன். கிருமி எப்படி வருகிறது, குடிக்காதவனுக்கும் ஈரல் கெடும், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் கட்டி கரையாது என்று ஒரு முழுப் பாடமே நடத்தி முடித்தேன். லாரிக்காரர் குழாயைத் திறந்து விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது. எதிர்வீட்டுக்காரி பாதியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டாள். எனக்குத்தான் நிறுத்த மனம் வரவில்லை.

அவருடைய கூட்டாளிகள் வேறு விதமாக யோசித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மேஸ்திரி, சரக்கு இறக்கும் ஆட்களுக்குப் பொறுப்பாளர். தண்டையார்பேட்டைக்காரர். வீட்டுக்கு வந்து பாயில் குந்திக்கொண்டு, ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்தபிறகு சொன்னார்.

“நாங்க இத்தினி பேரு குடிக்கிறோம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்ல. குடிக்காதவனுக்கு வந்துகீது. அப்ப இன்னா அர்த்தம் டீச்சரம்மா?”

“நீங்க எல்லாரும் நாளைக்கே போய் ரத்தம் செக் பண்ணிக்கணும்னு அர்த்தம்!” என்று நான் கத்தினேன். மேஸ்திரி டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சொன்னபடியே பாதிப் பேர் ஓசைப்படாமல் போய்ச் சோதித்துக்கொண்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தபோது தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் அந்த நாட்களில் கறி மீனைக் குறைத்து, வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்பார்கள். ஒருசந்தி என்றால் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிற விரதம். ஆபரேஷன் சனிக்கிழமை. அதற்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் ஆட்களைக் கூட்டிவந்து ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த தேதி எப்போது என்று யாராலும் சொல்லமுடியவில்லை. அதுவரை அந்த நாவல்பழம் சும்மா இருக்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

“கவலய வுடு. நான் இட்டாறேன்,” என்றார் மேஸ்திரி.

சொன்ன நேரத்துக்கு லோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. எல்லாரும் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். சிலர் கையில் ஜெபமாலை, சிலர் நெற்றியில் பட்டையாக விபூதி. ஒருத்தர் கழுத்தில் முருகன் மாலை. கோவிலுக்குள் வருகிறதுபோல் செருப்பை வெளியே விட்டுவிட்டு ரத்த வங்கிக்குள் வரிசையாக வந்து நின்றார்கள். துறைமுகத்தில் கப்பல் சங்குக்கு மேல் சத்தம் போடுகிறவர்கள், அன்றைக்கு மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.

அங்கிருந்த நர்ஸ் முதலில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டார். “நேத்து ராத்திரி குடிச்சீங்களா?”

“தவக்காலம் பொறந்ததுலேர்ந்து யாரும் தொடலம்மா. விபூதி பூசறவனும் தொடல. எங்க கூட்டாளிக்காக வேண்டிகினு நிறுத்திட்டோம்.”

“நல்லது. காலையில என்ன சாப்பிட்டீங்க?”

மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தினார். “பச்சத் தண்ணி பல்லுல படலம்மா. நேத்து மத்தியானத்துலேர்ந்து எல்லாருமே ஒருசந்தி.”

நர்ஸ் பேனாவை மூடிவிட்டார். “அப்ப ஒருத்தர்கிட்டகூட ரத்தம் எடுக்கமுடியாது. வெறும் வயித்துல குடுத்தா மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க.”

பெரிய குழப்பம் ஆகிவிட்டது. கூட்டாளிக்காக ரத்தம் கொடுப்பது என்பது அவர்களுக்குக் காணிக்கை மாதிரி. காணிக்கையை யாராவது தின்றுவிட்டு வந்து போடுவார்களா? மேஸ்திரி அசையவில்லை. பொழுது சாயும்வரை விரதம் என்று மாதா முன்னால் சொல்லியாயிற்றாம். “வேண்டுதல முறிச்சாக்கா அது அவனுக்குத்தான் ஆவாது. நான் துன்னமாட்டேன்,” என்றார். மற்றவர்களும் துன்னமாட்டோம் என்று நின்றார்கள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாடியில் வார்டில், கூட்டாளிகள் வந்துவிட்டார்கள் என்ற நிம்மதியில் படுத்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் ரத்த வங்கிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்திருக்கும். “பன்னெண்டு மணிக்குள்ள ரத்தம் போகலன்னா ஆபரேஷனே இல்ல! அது மட்டும் அவருக்கு ஆகுமா? பொழுது சாயறவரைக்கும் காத்திருக்க அந்தக் கட்டி இன்னா ஒருசந்தியா இருக்குது?” என்றேன். ஆட்கள் கலங்கிவிட்டார்கள். ஆனால் மேஸ்திரி, “சாமியார் சொல்லட்டும்” என்று ஒரே பிடியாக நின்றார்.

வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியாருக்குப் போட்டு, நடந்ததை நான் சொல்லி, மேஸ்திரி கையில் கொடுத்தேன். அவர் பயபக்தியோடு, “தோத்திரம் சாமி” என்று ஆரம்பித்தார். உடனே ரிசீவரைக் காதைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் சாமியார் போட்ட சத்தம் எங்கள் எல்லாருக்குமே கேட்டது.

“மொதல்ல போய்ச் சாப்புடுங்கடா! பாவமா இருந்தா என் தலையில இருக்கட்டும்!”

எதிரே இருந்த மெஸ்ஸுக்குள் அத்தனை பேரும் பாய்ந்தார்கள். பொங்கல் தீர்ந்தது, இட்லி தீர்ந்தது, கடைசியில் மெஸ்காரர் மத்தியானச் சோற்றை முன்கூட்டியே வடித்தார். வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் முட்டையைக்கூடத் தொடவில்லை, விபூதிக்காரர்கள் உட்பட. ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்து, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்து முடித்தார்கள். ஒவ்வொருத்தராகக் கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, இவர்களுக்கு நான் எந்த ஜென்மத்தில் என்ன செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். வாயால் சொன்னது, “வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வரும், குந்துங்க” என்பதுதான்.

மறுநாள் காலையில் தள்ளுவண்டியில் அவரைக் கொண்டுபோனபோது மேஸ்திரி கூடவே நடந்தார். “மாமு, எங்க ரத்தம் ஏறப்போவுது. கண்ணு முழிச்சதும் மொத வேலையா குவார்ட்டர் கேக்கப்போற பாரு!” என்றார். வண்டி தள்ளினவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தபடியே உள்ளே போனார். கதவு மூடியபிறகு மேஸ்திரி அந்த வாசலிலேயே தரையில் குந்திக்கொண்டார்.

சாயங்காலம்போல் சர்ஜன் வெளியே வந்தார். நல்லபடி முடிந்தது, நினைத்ததைவிட ரத்தம் குறைவாகத்தான் போனது என்றார். பிறகு, எடுத்ததைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வெட்டி எடுத்ததை வீட்டு ஆட்களுக்குக் காட்டிவிட்டுத்தான் சோதனைக்கு அனுப்புவார்கள். துணைக்கு மேஸ்திரியும் வந்தார். ஸ்டீல் தட்டில் கசாப்புக் கடையில் பார்க்கிற மாதிரியே ஒரு துண்டு ஈரல். அதன் நடுவில் வெளிறிப்போய் ஒரு உருண்டை.

“இத்தினிக்கூண்டா?” என்றார் மேஸ்திரி. “இதுக்கா இம்மாம் பேஜாரு?”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “சனியனே! குடிக்காத மனுஷன் உடம்புல உனக்கு இன்னா வேலை?” என்று அந்தத் தட்டைப் பார்த்துக் கத்திவிட்டேன். சர்ஜன் அதை மூடிக்கொண்டே, “அதுக்குக் காது இல்லம்மா,” என்றார். எனக்கு அப்போதுதான் முழு மூச்சு வந்தது.

சில நாளில் எழுந்து நடந்தார். பக்கவாட்டில் தொங்கிய டியூபையும் பையையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வார்டில் இருந்தவர்களிடமெல்லாம் தன் ஈரல் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடந்தார். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வளர்கிறது என்ற அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. ஈரலுக்கு ஈரல்தான் மருந்து என்பது எங்கள் தெருவின் முடிவு. தவக்காலம் என்பதால் ஈஸ்டர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

ஈஸ்டர் காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரி தூக்கு டப்பாவோடு நிற்கிறாள். உள்ளே மிளகு போட்ட ஈரல் வறுவல். சண்டையை மறந்துவிட்டேன் என்று சொல்வதற்குள் பின்னாலேயே இன்னொருத்தி. அதற்குப் பின்னால் மேஸ்திரியின் சம்சாரம், தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். மத்தியானத்துக்குள் சமையல் மேடையில் இடமில்லை. கறிக்கடை பாய் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, “இன்னாம்மா டீச்சரம்மா, ஊரே இன்னிக்கு ஈரல் கேக்குது, கறி வாங்க ஆள் இல்ல” என்று முறையிட்டார். முறையிட்டுவிட்டு, கடைசியாக மிச்சமிருந்த ஒன்றை இலையில் சுற்றி அவரும் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டு துண்டு சாப்பிட்டார். மீதியை வந்தவர்களுக்கே பரிமாறினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு பேர் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மேஸ்திரி சட்டைப் பித்தானைத் தளர்த்திக்கொண்டு, “நம்ம எல்லாரு ஈரலும் இன்னிக்கு வளந்துடும்பா,” என்றார்.

ஜூலையில் மறுபடி ஸ்கேன் வந்தது. இதுதான் முக்கியமானது என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். இவர் படுத்திருந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். படம் வந்ததும் சர்ஜன் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். “சுத்தமா இருக்கு. ரத்தச் சோதனையும் நல்லா இருக்கு. ஈரல் அழகா வளர்ந்திருக்கு. போயிட்டு மறுபடி வாங்க,” என்றார். இவர் கும்பிட்டுவிட்டுப் பெரிய கவரில் படத்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கினோம். ராயபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கிறேன், கக்கத்தில் கவர் இல்லை. வந்த பஸ் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். பஸ் அதற்குள் மூலை திரும்பிவிட்டது.

“யோவ்! உனக்கு அறிவு கீதா?” என்று ஆரம்பித்தேன். “ஒரு படத்த ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, நீயெல்லாம் கப்பல்ல சரக்கு இறக்குற! அடுத்த வாட்டி டாக்டர் பழைய படம் எங்கன்னு கேட்டா, என் மூஞ்சியக் காட்டுவியா?” பழம் விற்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் எங்களைச் சுற்றி இடம் விட்டது. நான் விடவில்லை.

அவர் அப்படியே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது.

“இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

“திட்டுறியேம்மா,” என்றார். “அன்னிக்கு டாக்டர் உன்னத் தனியா கூப்ட்டுப் பேசினாரே, அதுலேர்ந்து நான் இன்னா பண்ணாலும் நீ ஒரு வார்த்த சொல்லல. சரி, டாக்டர் இவளாண்ட வேற இன்னாவோ சொல்லிட்டாரு, நம்மளுக்கு நாளு குறிச்சாச்சுன்னு நெனச்சுகினேன். ஆபரேஷன் நல்லா ஆச்சுன்னாங்கோ. ஈரல் வளருதுன்னாங்கோ. நானும் எல்லாராண்டயும் அதத்தான் சொல்லிகினு திரிஞ்சேன். ஆனா ஒண்ணையும் நம்பல. நீதான் திட்டலியே. இப்பதாம்மா நம்புறேன்.”

அந்த மாதங்களில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் திட்டு தொண்டையிலேயே நின்றுவிடும். நோயாளியிடம் பதமாக நடந்துகொள்கிறேன் என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அழாதவள், தட்டில் அந்தத் துண்டைப் பார்த்தபோதும் அழாதவள், பாரிமுனையில் அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ராயபுரம் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். படத்தைத் தொலைத்ததற்கு, ஆஸ்பத்திரியில் வலியைச் சொல்லாமல் மறைத்ததற்கு, டியூபோடு வார்டெல்லாம் சுற்றியதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக இவ்வளவு பயத்தையும் மனசில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்ததற்கு. டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று முன்னால் போனார். என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடலைப் பார்க்காமல், இன்னும் சொல்லு என்பதுபோல் என் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.